எருக்கஞ்செடியின் முன்னால் அரைமணி நேரம்: சுற்றுப்புறத்து உயிர்களைப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடு, மலை என்று எங்கும் அலையாமல், வசிக்கும் இடத்தைச் சுற்றியே செடி, பூச்சி, பறவை என்று பார்த்துக்கொண்டிருப்பவன் நான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் கேட்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை எனக்குப் பிடித்த கேள்விகள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குப் போகாமல், தெருவோரத்தில் பார்ப்பதற்கு அப்படி என்னதான் இருக்கிறது?

ஓர் எருக்கஞ்செடி இருந்தால் போதும். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக வளர்ந்து நிற்கும் செடி. ஆடுமாடுகூட அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இலையைக் கிள்ளினால் வடிகிற பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆனால் அந்த நஞ்சையே நம்பிப் பிழைக்கிற கூட்டம் ஒன்று அந்தச் செடியில் குடியிருக்கிறது.

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சிறியதாய், வெளிர் நிறத்தில் ஒற்றை முட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இட்டதாக இருக்கலாம். அதிலிருந்து வரும் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகளோடு திரியும். ஒளிந்துகொள்ளவே செய்யாது. எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்திருப்பதால், 'என்னைத் தின்றால் உனக்குத்தான் கேடு' என்று விளம்பரம் செய்துகொண்டு வாழ்கிறது. நஞ்சு பூச்சியாக மாறிய பிறகும் உடம்பில் தங்குகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்துத் துப்பிய பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறக்காது.

கதை இதோடு முடியவில்லை. நஞ்சே இல்லாத இன்னொரு வண்ணத்துப்பூச்சி இனம் இருக்கிறது. அதில் ஆண் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பொட்டு வைத்தது. பெண்ணோ அச்சு அசல் வெந்தய வரியன் வேடம். முட்டை சுமந்து பறக்கிறவளுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை போலும். இரண்டையும் பிரித்தறிய எனக்குப் பல மாதங்கள் ஆயின. பின்னிறக்கையில் இருக்கும் கறும்புள்ளிகளை எண்ணக் கற்றுக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. வெந்தய வரியனுக்கு அங்கே சில புள்ளிகள் இருக்கும், வேடதாரிக்கு ஒன்றுதான்.

அதே செடியில் இளந்தண்டைச் சுற்றி மஞ்சள் மணிகளாய் அசுவினிக் கூட்டம். அதைத் தின்ன வரும் பொறிவண்டு. நீலமும் மஞ்சளும் பூசிய எருக்கு வெட்டுக்கிளி. பூவுக்கு மொய்க்கும் கருவண்டு. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டு சிறு பொதிகளாகக் கட்டி, நடுவில் ஒரு கொக்கி வைத்திருக்கும். தேன் குடிக்க வரும் வண்டின் காலில் அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ள, வண்டு அதை அடுத்த பூவுக்குச் சுமந்துபோகும். வலுவில்லாத சிறு பூச்சியின் கால் சிக்கினால் சில நேரம் அங்கேயே மாட்டிக்கொண்டு சாகும். இவ்வளவும் இடுப்புயரச் செடி ஒன்றில். அரைமணி நேரம் அதன் முன்னால் நின்றால் வழிப்போக்கர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்பதைத் தவிர வேறு சிரமம் கிடையாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

திரும்பத் திரும்பப் போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு காலி மனை, குட்டைக்கரை, மதில் ஓரம், பள்ளி மைதானத்தின் மூலை. நூறு இடங்களை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிட ஓர் இடத்தை நூறு முறை பார்ப்பதில்தான் எனக்குச் சுவை. முதல் பத்து முறை உயிர்கள் தெரியும். அதற்குப் பிறகுதான் அவற்றுக்கிடையே உள்ள உறவு தெரியத் தொடங்கும்.

இது என் சோம்பேறித்தனத்துக்கு நானே கற்பித்த நியாயம் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸில் பூச்சிகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய ழான் ஆன்றி ஃபாபர், 1879இல் குடிபோன வீட்டில் அவருக்கு வாய்த்தது கல்லும் முள்ளுமாய்க் கிடந்த ஒரு தரிசுதான். 1915இல் இறக்கும்வரை அதிலேயே குளவியையும் சாணவண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். டார்வின் இன்னும் மோசம். 1842இல் தன் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தார். மண்புழுக்கள் கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து போட்டுப் போட்டு, சுண்ணாம்பு சுமார் 18 செ.மீ. ஆழத்துக்குப் போயிருந்தது. அதே மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க வீட்டில் பியானோவும் பஸூன் என்ற ஊதுகருவியும் வாசித்துக் காட்டினார்கள். ஒலிக்கு அசையவில்லை. மண்தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின.

பெயர் தெரியாமல் பார்த்து என்ன பயன்?

பெயர் தெரியாமலும் ரசிக்கலாம். ஆனால் பெயர் தெரிந்த பிறகு கண் கூர்மையாகிறது; அதுவரை 'ஏதோ குருவி' என்று ஒரே கூட்டமாய்த் தெரிந்தவை தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன.

சிக்கல் என்னவென்றால் ஊருக்கு ஒரு பெயர். செம்போத்தைச் செண்பகம் என்பார்கள். வெட்டுக்காயப் பூண்டு என்று ஒருவர் காட்டும் செடியை இன்னொருவர் கிணற்றுப்பாசான் என்பார், பிள்ளைகள் தாத்தாப்பூ என்பார்கள். தாத்தாப்பூ என்ற பெயரிலோ இன்னும் இரண்டு மூன்று செடிகள் உண்டு. கரிச்சானும் குண்டுக்கரிச்சானும் பெயரில் பங்காளிகள். பறவையியல் கணக்கில் வேறு வேறு குடும்பம். 'தும்பி' என்று பழைய பாட்டில் வருவது பூவில் தேனுண்ணும் வண்டு, இன்று நாம் சொல்வது தட்டானை.

இந்தக் குழப்பத்துக்காகத்தான் சுவீடனின் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும், ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டு சொல்லில் பெயரிடும் இரட்டைப்பெயர் முறையை முழுமையாகக் கையாண்டார். உலகத்தில் எங்கே போனாலும் அந்த இலத்தீன் பெயர் ஒரே உயிரைத்தான் குறிக்கும். அதற்காக ஊர்ப்பெயரை விட்டுவிடாதீர்கள். இலத்தீன் பெயர் யார் என்று சொல்லும்; ஊர்ப்பெயர் என்ன செய்கிறது என்று சொல்லும். உண்ணிக்கொக்கு என்றாலே மாட்டின் பக்கத்தில் நடக்கும் கொக்கு கண்ணில் வந்துவிடுகிறதே.

செல்பேசிச் செயலி சொல்லும் பெயரை நம்பலாமா?

பாதி. படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் நன்றாக வளர்ந்துவிட்டன. பறவைக் கணக்குக்கு 2002இல் தொடங்கிய ஈபேர்ட், எல்லா உயிருக்கும் 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் இரண்டும் உலகம் முழுக்கப் புழங்குபவை. நாம் பதிவது ஆய்வாளர்களுக்கும் பயன்படுகிறது. ஐநேச்சுரலிஸ்டில் படத்தைப் பார்த்து மற்றவர்கள் ஒப்புக்கொண்டாலோ திருத்தினாலோதான் பெயர் உறுதியாகும். அந்தத் திருத்தங்களில்தான் நான் அதிகம் கற்றேன்.

தவறு பெரும்பாலும் செயலியிடம் இல்லை, நம் படத்தில் இருக்கிறது. செடியென்றால் பூவை மட்டும் எடுத்து அனுப்புவோம். இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, இலையின் அடிப்பக்கம் எப்படி, தண்டு சதுரமா உருண்டையா, காய் எப்படி என்று நான்கு படம் எடுங்கள். வண்ணத்துப்பூச்சி என்றால் இறக்கையின் மேற்புறமும் அடிப்புறமும் வேண்டும். புழு என்றால் அது எந்த இலையில் இருந்தது என்பது புழுவின் படத்தைவிட முக்கியம்.

இதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் மூத்தவர் மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானே பிறக்கின்றன என்று பலரும் நம்பிய காலத்தில், புழுக்களை வளர்த்து, முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாவற்றையும் அது தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படமாக வரைந்து 1679இல் வெளியிட்டார். 1699இல், ஐம்பதைக் கடந்த வயதில், மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். புழு பார்க்கத்தான்.

பைனாகுலர், கேமரா எல்லாம் வாங்க வேண்டுமா?

முதல் ஆறு மாதம் எதுவும் வேண்டாம். பிறகு ஒரு பைனாகுலர். 8×42 என்று எழுதியிருப்பதை எடுங்கள்: 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். 12 மடங்கு, 16 மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் சேர்ந்தே பெருகும். அதைவிட என் பரிந்துரை 10 மடங்கு கைலென்ஸ். சட்டைப்பையில் அடங்கும். வெட்டுக்காயப் பூண்டின் ஒரு 'பூ'வை அதில் பாருங்கள்: அது ஒரு பூ இல்லை, பல சிறு பூக்களின் கூட்டம். ஓரத்து இதழ் ஒவ்வொன்றும் மூன்று பல்லாகப் பிரிந்திருக்கும்.

கேமராவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது கைக்கு வந்ததும் பலர் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

நோட்டில் என்ன எழுதி வைப்பது?

நாள், நேரம், இடம், வானிலை, பார்த்தது, அது என்ன செய்துகொண்டிருந்தது. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 'மைனா 4' என்று எழுதினால் பத்து ஆண்டு கழித்து அது ஒரு எண். 'மைனா 4, ஒன்று ஈரத்துணிக் கொடியில் நூலை இழுத்துக்கொண்டிருந்தது' என்றால் கூடு கட்டும் காலம் தொடங்கிவிட்டது என்ற செய்தி.

சாதாரணமானதையும் எழுதுங்கள். இங்கிலாந்தின் நார்ஃபக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736 முதல் ஆண்டுதோறும் முதல் பூ எப்போது பூத்தது, மரம் எப்போது துளிர்த்தது, தவளை எப்போது கத்தத் தொடங்கியது என்று குறித்துவந்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் தொடர்ந்தார்கள், 1958 வரை. பருவம் மாறிவருவதை ஆராய்பவர்களுக்கு இன்று அது பொக்கிஷம். தவளைக் கத்தலைக் குறித்தபோது மார்ஷம் இதையா நினைத்திருப்பார்?

பறவை கண்ணில் படுவதே இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. என்ன செய்வது?

குரலையே பிடித்துக்கொள்ளுங்கள். பறவை பார்ப்பவர்கள் என்று சொன்னாலும் உண்மையில் நாங்கள் பாதி நேரம் கேட்பவர்கள்தான். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த மூன்று சிறு இலைக்குருவிகளை மூன்று தனி இனங்கள் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் பிரித்தறிந்ததற்குப் பாட்டு பெருந்துணை. அவரும் தன் ஒரு கிராமத்தைவிட்டு அதிகம் நகராதவர்தான்.

முதலில் ஒரே ஒரு குரலை எடுத்துக்கொண்டு, அதன் சொந்தக்காரரைப் பார்க்கும்வரை விடாதீர்கள். நான் தொடங்கியது தையல்சிட்டில். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் காகம் அளவுக்காவது ஒரு பறவையைத் தேடுவார். புதருக்குள் வாலை நிமிர்த்திக்கொண்டு நிற்பதோ உள்ளங்கையில் அடங்கும் குருவி. அகலமான இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து, இலையைத் தொட்டிலாக மடித்து அதற்குள் கூடு வைக்கும். நான்கு அடி தூரத்தில் கூடு இருந்தும் மூன்று வாரம் நான் பார்க்கவில்லை.

பிறகு குயில். கூவுவது ஆண், கன்னங்கரேல் என்றிருக்கும். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, அதன் குரலும் வேறு, 'கிக் கிக்' என்று பதறும். காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை நேரில் பார்த்தவர் குறைவு. காகங்கள் ஏதோ ஒரு கறுத்த பறவையை மரத்துக்கு மரம் துரத்திக்கொண்டு போனால் அண்ணாந்து பாருங்கள்; ஆண் குயில் காகத்தை இழுத்துக்கொண்டு போக, பெண் பின்பக்கமாகக் கூட்டுக்கு வருவதும் உண்டு.

அத்தி பூப்பதைப் பார்க்க முடியுமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. 'அத்தி பூத்தாற்போல' என்றால் அரிதாக நடப்பது என்று பொருள். உண்மையில் அத்தி ஓயாமல் பூக்கிறது. நாம் காய் என்று நினைப்பதுதான் பூங்கொத்து. பூக்கள் எல்லாம் உள்பக்கமாகத் திரும்பி, உருண்டைக்குள் அடைபட்டு நிற்கின்றன. ஆலும் அரசும் அப்படித்தான். பிஞ்சு ஒன்றைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள், நூற்றுக்கணக்கில் தெரியும்.

உள்ளே இருக்கும் பூவுக்கு மகரந்தம் எப்படிப் போகும்? இன்னொரு பழமொழி இருக்கிறதே: 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை.' முதல் பழமொழி போடும் புதிருக்கு விடை இந்த இரண்டாவதில் இருக்கிறது. கொசுவைவிடச் சிறிய பெண் குளவி ஒன்று, காயின் நுனியில் இருக்கும் மிகக் குறுகிய வாசலில் முண்டி நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் இறக்கை பிய்ந்துவிடும். கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே இறந்துபோகும். அதன் பிள்ளைகளில் ஆண்கள் முதலில் வெளிவரும். இறக்கையே இல்லாத ஆண்கள். பெண்களோடு கூடி, அவை தப்பிக்கச் சுரங்கம் தோண்டித் தந்துவிட்டு மடிகின்றன. பெண்கள் புது மகரந்தத்தை எடுத்துக்கொண்டு வெளியேறி வேறு மரம் தேடும். ஆயுள் ஓரிரு நாள்தான். அத்தி இனங்கள் உலகில் 750க்கு மேல். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று குளவி உண்டு. இந்த உறவு ஏழு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது.

குளவி வெளியேறிய பிறகு பழம் நிறம் மாறிப் பழுக்கும். அந்த நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டால் பறவைகளைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம். குக்குறுவான், மைனா, குயில், அணில், இருட்டினால் பழந்தின்னி வௌவால். பசி எடுத்த எல்லாம் வரும்.

இதெல்லாம் களைதானே, பிடுங்கிப் போட வேண்டியதுதானே?

களை என்பது தாவரத்தின் இனமல்ல, நம் அபிப்பிராயம். இருந்தாலும் எல்லாக் களையும் ஒன்றல்ல. வெட்டுக்காயப் பூண்டு, தொட்டாற்சிணுங்கி, உண்ணிச்செடி, பார்த்தீனியம் நான்குமே அமெரிக்க வெப்பமண்டலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவை. இன்று வெயில் அடிக்கும் நாடுகளில் எல்லாம் பரவிக் கிடக்கின்றன. முதலாவது தாழ்ந்து வளர்ந்து, சிறிய நீல வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தேன் கொடுத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. பார்த்தீனியம் தொடுபவர்களில் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சு இளைப்பும் தரும். அதைப் பிடுங்கினால் எனக்கு வருத்தமில்லை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உண்ணிச்செடி காட்டுக்குள் புகுந்தால் வேறு எதையும் முளைக்கவிடாது, ஆனால் அதன் பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்ப்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தொட்டாற்சிணுங்கியை மட்டும் கொஞ்சம் விட்டுவையுங்கள். இலைக்காம்பின் அடியில் இருக்கும் வீங்கிய கணுவிலிருந்து தண்ணீர் சட்டென்று நகர்வதால் இலை மூடிக்கொள்கிறது. திறக்கச் சில நிமிடங்கள் ஆகும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் தொட்டியைச் சுமார் 15 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தார்கள். கேடு ஒன்றும் வராததால் செடி மூடுவதைக் குறைத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து மறுபடி விழவைத்தபோதும் அப்படியே இருந்தது. இதை நினைவு என்று சொல்லலாமா என்று தாவரவியலாளர்களுக்குள் சண்டை. நீங்கள் விரலால் தட்டிப் பார்க்கலாம், எத்தனையாவது தட்டுக்குச் சலித்துக்கொள்கிறது என்று.

தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா?

மழைக்காலத்தை ஒட்டி மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகத் திரிவது உண்மை. மழையில் தேங்கும் தற்காலிகக் குட்டைகளில்தான் அவை முட்டையிடும், அதனால் மழை மேகத்தோடு சேர்ந்தே பயணிக்கும். நாடோடிகள் என்றால் இப்படி அப்படி நாடோடிகள் இல்லை. நன்னீரே அரிதான மாலத்தீவில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் இவை லட்சக்கணக்கில் வந்து இறங்குவதைக் கவனித்த சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009இல் எழுதினார். போய்த் திரும்பும் சுற்று ஏறத்தாழ 14,000 முதல் 18,000 கி.மீ. ஒரே தட்டான் முழுச் சுற்றையும் முடிப்பதில்லை. பல தலைமுறைகள் கைமாற்றிக் கைமாற்றிப் போகின்றன. வாலில் நூல் கட்டி விளையாடினோமே, அந்தத் தட்டான்தான்.

இரவில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, பின்னால் ஒரு விளக்கு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். வண்ணத்துப்பூச்சி இனங்கள் உலகில் ஏறத்தாழ 18,000 என்றால் அந்துப்பூச்சி 1,60,000 அளவில். நாம் பகலில் கொண்டாடுவது சிறுபான்மையை.

பூச்சி விளக்கைக் காதலித்து வருவதாகக் கவிஞர்கள் சொன்னார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வு அதிவேகக் கேமராவில் பார்த்துவிட்டு வேறு கதை சொல்கிறது. பறக்கும் பூச்சிக்கு எது மேல், எது கீழ் என்று தெரிவது வானத்து வெளிச்சத்தை வைத்து. முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துப் பறக்கும். விளக்கு எதிரே வந்தால் முதுகை அதன் பக்கம் திருப்பப் போய், சுற்றிச் சுற்றி அதிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள், அவை போய்ச் சேரட்டும்.

சிட்டுக்குருவி செல்பேசிக் கோபுரத்தால்தான் குறைந்ததா?

அப்படிச் சொல்ல நம்பத்தகுந்த சான்று இல்லை. ஓட்டுவீட்டின் இடுக்கும் சுவர்ப்பொந்தும் போய்க் கண்ணாடியும் கான்கிரீட்டும் வந்தால் கூடு எங்கே வைக்கும்? பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சியும் புழுவும்தான் ஊட்ட வேண்டும். புதரில்லாத, மருந்தடித்த தோட்டத்தில் அது கிடைக்காது. கோபுரத்தைக் குற்றம் சொல்வது சுலபம், நம் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

பறவைக் குஞ்சு கீழே கிடந்தால் என்ன செய்வது?

இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, வண்டி வரும் இடமாக இருந்தால் மட்டும் அருகில் உள்ள புதரில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகே முளைக்காததாக இருந்து கூடும் எட்டினால் திரும்ப வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. கூட்டைப் படமெடுக்கப் போய் நின்றுகொண்டிருப்பதுதான் உண்மையான ஆபத்து: நம்மைக் கவனித்துக் கூட்டைக் கண்டுபிடிக்கக் காகம் காத்திருக்கும்.

பாம்பு இருந்தால்?

நின்று, பின்வாங்கி, வழி விடுங்கள். கல்லுக்கடியிலும் புதருக்குள்ளும் கண்ணால் பார்க்காமல் கை விடாதீர்கள். இருட்டினால் மூடிய காலணியும் டார்ச்சும் கட்டாயம். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கைகாலை அசைக்காமல் நேராக மருத்துவமனை. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை.

காட்டில் கிடைக்கும் காய், கீரையைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

செயலியும் படமும் பார்த்து வாயில் வைக்காதீர்கள். குன்றிமணி பார்க்க நகை போல இருக்கும். மென்று விழுங்கினால் உயிரை எடுக்கும். ஊமத்தை, அரளி கதையும் தெரிந்ததே. பல ஆண்டு பறித்துத் தின்று பழகியவர் கூட நின்று காட்டித் தந்தால் ஒழிய, நான் தொடமாட்டேன்.

பிள்ளைகளுக்கு இதில் எப்படி ஆர்வம் ஊட்டுவது?

பாடம் நடத்தாதீர்கள். குழியானையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். மழை படாத தாழ்வாரத்து ஓரம், மரத்தடிப் புழுதி, அங்கே புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சிலர் குழிநரி என்பார்கள். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரியும். எறும்பு ஏற முயன்றால் குழியின் அடியிலிருந்து மண் வீசி அடித்து மறுபடி சறுக்கிவிழச் செய்யும். உள்ளே இருப்பது யானையும் இல்லை, நரியும் இல்லை, ஓர் இளம்புழு. உள்ளங்கையில் விட்டால் பின்னோக்கியே நடக்கும். அதற்குக் கழிவு வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. புழுவாக இருக்கும் காலம் முழுக்கச் சேர்ந்ததை, பூச்சியான பிறகுதான் வெளியேற்றும். இந்தத் தகவலைச் சொன்ன பிறகு பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது உங்கள் பாடு.

ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சலிக்காதா?

சலிக்கும். கோடையின் நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காது. காய்ந்த புல், ஓர் ஓணான், வாயைத் திறந்து மூச்சு வாங்கும் காகம். நானும் அந்த நாட்களில் பாதி நேரம் நிழலில் உட்கார்ந்து செல்பேசியைத்தான் பார்க்கிறேன்.

பிறகு ஒரு மாலை நல்ல மழை பெய்து ஓய்கிறது. பல மாதமாக வெறும் தரையாக இருந்த இடத்தில் துளை திறந்து ஈசல் புகையாகக் கிளம்புகிறது. மண்ணுக்கடியில் இவ்வளவு கறையான் இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். முதலில் கரிச்சான் வரும், கம்பியிலிருந்து எம்பி எம்பிப் பிடிக்கும். பஞ்சுருட்டான், மைனா, காகம், தானியமே கதி என்றிருக்கும் சிட்டுக்குருவி வரை வந்துவிடும். சற்று இருட்டினால் வௌவால். விளக்கடியில் பல்லி, அதற்குக் கீழே தேரை, நகரக்கூட முடியாமல் வயிறு புடைத்து. தப்பிய ஈசல்கள் இறக்கையை உதிர்த்துவிட்டு, பெண் முன்னால் ஆண் பின்னால் என்று ஒட்டிக்கொண்டு ஓடி, மண் இளகிய இடமாகப் பார்த்துத் தோண்டும். கிளம்பியவற்றில் மிகச் சில சோடிதான் அதுவரை மிஞ்சும்.

போன முறை அப்படி ஒரு சோடி எருக்கஞ்செடியின் அடியில் இறங்கியது. இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறேன். புற்று எழுமா என்று பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும்.